குப்பம்மாவின் முழுக்கு

குப்பம்மா காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். இன்ஜினை அணைக்காமல் விசைப்படகு நிற்கும்போதும் அவள் குரல் அதற்கு மேலே கேட்கும். வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, தயங்கி நிற்கிற ஒருத்தியைப் பார்த்து, "இன்னாமே மொறைக்கிற? உம் புருசன் மூஞ்சியவிட இது நல்லாத்தான் கீது, தூக்கினு போ" என்பாள். கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பிலிருந்து தப்பிப்பதற்காகவே அந்தப் பெண் கையைத் தூக்குவாள்.

வியாபாரத்துக்கான வாயை அவள் வீட்டுக்கு வந்தும் மூடியதில்லை. திருவொற்றியூர் குப்பத்தில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் ஏழாவதோடு பள்ளியை விட்டு, இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருப்பவள். நின்று பேச எனக்கு வராது. குழாயடியில் என்னைக் கண்டால், "தோ வந்துச்சு செத்த நண்டு, மிதிச்சாலும் கடிக்காது" என்பாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அவள் புருஷன் அவள் வாய்க்குப் பயந்து கடலிலேயே கிடந்து, கடைசியில் கடலோடு போனவன். இதை ஊர் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் குரல் தணிவது ஒருவனிடம்தான். ஒரே மகன் திலீப். "நைனா, துன்னியா நைனா" என்று அவள் கேட்பது சுவருக்கு இந்தப் பக்கம் வேறு யாரோ பேசுவதுபோல இருக்கும். அவனைக் கடலுக்கு அனுப்பவில்லை. ஐடிஐ படிக்க வைத்தாள். மணலியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து கீர்த்தி என்ற பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தான். கீர்த்தி அங்கே பாஸ்டர் அலெக்ஸாண்டர் நடத்துகிற சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவள். கல்யாணமான மறு வருஷம் திலீப்பும் எடுப்பதாகச் சொன்னான்.

எர்ணாவூர் கடற்கரையில்தான் அந்தச் சபையின் முழுக்கு நடக்கும். நானும் பார்க்கப் போயிருந்தேன். திலீப் வெள்ளை உடையில் இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டருடன் நின்றான். குப்பம்மா ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஆட்டோவில் வந்து இறங்கினாள். கை நிறைய மீன் செதில்.

"யோவ் பாஸ்டரு! நடக்கத் தெரியறதுக்கு முன்னாடியே இந்தக் கடல்ல முயுவினவன்யா அவன். இத்தினி வருசமா போவாத அயுக்கு உங் கை பட்டாத்தான் போவுமா?"

சபையார் பாட்டைச் சத்தமாக்கினார்கள். "அத்தே, வூட்ல பேசிக்கலாம் அத்தே" என்று கீர்த்தி கையைப் பிடித்தாள். குப்பம்மா உதறினாள்.

"எம் புள்ளய உசுரோட பொதைக்கிறியேடி!"

பாஸ்டர் அதற்குத் தண்ணீரிலிருந்தே பதில் சொன்னார். "ஆமாம்மா. புதைக்கிறதுதான். பழைய மனுஷனைப் புதைச்சுட்டு, புது மனுஷனா எழுப்புறோம்." சொல்லிவிட்டு அவனை அமுக்கி எடுத்தார். கரையிலிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அந்த வருஷம் முடிவதற்குள் மணலியில் ஒரு எண்ணெய் டேங்கைச் சுத்தம் செய்ய இறங்கிய மூன்று பேரில் இரண்டு பேர் மேலே வரவில்லை. ஒருவன் திலீப். உள்ளே காற்று இல்லை, வேறு ஏதோ இருந்தது என்றார்கள். சபைதான் அடக்கம் செய்தது. எல்லோரும் மண் போட்டு முடித்த பிறகு, அதுவரை வாயைத் திறக்காத குப்பம்மா பாஸ்டரிடம் கேட்டாள்.

"இப்ப எங்க கீறான்?"

"பரலோகத்திலம்மா. முழுகினவன், சந்தேகமே இல்லை."

"நான் செத்தா அவனப் பாப்பனா?"

பாஸ்டர் யோசிக்கவில்லை. "இப்படியே செத்தா பார்க்க மாட்டீங்க. ஞானஸ்நானம் எடுக்காதவங்களுக்கு அந்தக் கதவு கிடையாது. அவன் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். நடுவுல தாண்ட முடியாத பள்ளம்."

புதைகுழியின் மண் இன்னும் ஈரமாக இருந்தது. குப்பம்மா அவரை, அவர் தாயை, அவர் சபையை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மிச்சத்தைக் கீர்த்திக்கு வைத்துக்கொண்டாள்.

கீர்த்திக்குப் போக இடமில்லை. எர்ணாவூரில் கல்யாணம் ஆகாத இரண்டு தங்கைகள். அப்பா, "அங்கேயே இரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, மீன் கழுவின தண்ணீரைக் குப்பம்மா சரியாக அந்த நேரம் பார்த்து வீசுவாள். கீர்த்தி உள்ளே போய் வேறு புடவை மாற்றிக்கொண்டு வருவாள். சில வாரம் இரண்டு தடவை. மீன் வாங்க அவள் காசிமேட்டுக்குப் போனால், ஏலத்தை நிறுத்திவிட்டு, "தோ போறா பாரு, எம் புள்ளயத் துன்னுட்டு ஏப்பம்கூட வுடல" என்று எல்லோருக்கும் காட்டுவாள். திலீப் போகும்போது கீர்த்தி மூன்று மாதம். அது நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்து படுத்த அன்று, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது: "உன் வயித்துல கெடக்கறதுக்கு சாவறதே மேல்னு அதுக்கே தெரிஞ்சிகினு கீது."

மறுநாள் கீர்த்தி எழுந்து, எப்போதும்போல இரண்டு பேருக்கும் உலை வைத்தாள்.

பிறகு குப்பம்மாவின் குரல் கரகரக்க ஆரம்பித்தது. வாயில் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பாள், அதனால்தான் என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை. இனி மூச்சு அதன் வழியாகத்தான், மூக்கு சும்மா முகத்தில் இருக்கும். பேச்சு கிடையாது. தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போதுகூட ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது, போனால் நேரே நுரையீரல்தான் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

ஏலக்கூடத்தில் அன்றைக்கு யாரோ சாக்லேட் கொடுத்தார்கள் என்று கேள்வி. நிஜமோ பொய்யோ தெரியாது. ஆனால் அவள் முதல் தடவை திரும்பப் போனபோது, பையன்கள் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு வாயை வாயை அசைத்துக் காட்டினதை நான் பார்த்தேன். அவளிடம் திட்டு வாங்காதவர்கள் அங்கே யாருமில்லை. அவள் கையை ஓங்கினாள். ஓட்டையிலிருந்து சளிதான் தெறித்தது. "ஐயே, கலீஜ்" என்று விலகிச் சிரித்தார்கள்.

கீர்த்திதான் பார்த்துக்கொண்டாள். அதில் குறை சொல்ல முடியாது. ஓட்டையைச் சுற்றி ஈரத்துணியால் துடைப்பாள், மேலே மெல்லிய துணி கட்டுவாள், கஞ்சி வடிப்பாள். குப்பம்மாவின் உதடு அசைவதைப் பார்த்து என்ன சொல்கிறாள் என்று முதலில் படிக்கக் கற்றதும் அவள்தான். அடுத்தது நான். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுப் பழகியவள், இப்போது வாசலில் நின்று பார்த்துப் பழகினேன்.

அந்த வீட்டில் இப்போது பேசுகிறவள் கீர்த்தி. தினமும் துடைக்கும்போது, மெதுவாக, மரியாதையாகப் பேசுவாள்.

"அத்தே, கழுத்த நேரா வைங்க. அவரு நேத்து கனவுல வந்தாரு. வெள்ளை சட்ட. ஒடம்புல ஒரு காயம் இல்ல. அம்மா வரலையானு கேட்டாரு. அவங்களால வரமுடியாதுங்க, அவங்க முழுவலனு சொன்னேன். எச்சி முழுங்காதீங்க அத்தே, தோ முடிஞ்சிடுச்சு."

கத்தக்கூட முடியாதவள் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தால் கீர்த்தி அதையும் துடைப்பாள். அது ஓட்டையில் இறங்கக்கூடாது.

ஒருநாள் குப்பம்மா கீர்த்தியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். உதடு தெளிவாக அசைந்தது. "என்ன முயுக்கி வுடு. நான் எம் புள்ளயப் பாக்கணும்."

பாஸ்டர் அலெக்ஸாண்டர் வீட்டுக்கு வந்தார். கூடவே ஆவுடையம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எர்ணாவூரில் குடியிருப்பவர், சபையில் அவர் சொல்லுக்கு மதிப்பு. பாஸ்டர் துணியை விலக்கச் சொல்லி ஓட்டையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதை எப்படிம்மா தண்ணிக்குள்ள விடறது? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் மேல கேஸ் வரும்."

"தலைக்கு மேல ஒரு சொம்பு ஊத்தினா ஆவாதா பாஸ்டர்?" என்று கேட்டது கீர்த்தி இல்லை, என் அம்மா. வாசலில் நின்றிருந்தாள்.

ஆவுடையம்மாள்தான் பதில் சொன்னார். "ஞானஸ்நானம்னா அடக்கம்லா? தலைய வெளிய வச்சு யாரையாவது பொதைப்பாவளா? தெளிக்கிறதெல்லாம் ஞானஸ்நானம்னா, மழையில நனைஞ்சவன் எல்லாரும் பரலோகம் போயிருவான்."

"ஏசுவுக்குப் பக்கத்து சிலுவைல தொங்கின திருடனுக்கு யாரு முழுக்கு குடுத்தாங்க?" என்று அம்மா விடவில்லை. தொலைக்காட்சியில் கேட்டது போலிருக்கிறது.

"அவனுக்கு எறங்கி வர நேரமில்ல. இவங்களுக்கு நேரம் இருக்கு, கடல் இருக்கு. எல்லாம் இருந்தும் முழுகாதவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது" என்றார் பாஸ்டர். முழுகாவிட்டால் நரகம் என்று இருபது வருஷமாகச் சொல்லிச் சேர்த்த சபை அது. அதை இப்போது ஒரு ஏலக்காரிக்காக மாற்றிச் சொல்ல அவரால் ஆகாது. முழுக்குக் கொடுக்கவும் பயம். கடைசியில், "முதல்ல ஜெபிப்போம். தேவன் அந்த ஓட்டையை மூடட்டும். மூடினதும் கொடுக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

காசிமேட்டில் ரோசலின் என்று ஒரு மீன்காரம்மா. ராயபுரத்துக் கத்தோலிக்கர். குப்பம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர், ஆனால் மனசு பொறுக்காமல் வீட்டுக்கு வந்தார். "நீ இன்னாத்துக்கு குப்பு பேஜாராவுற? எங்க கோயிலுக்கு வா. சாமியாரு நெத்தில தண்ணி ஊத்துவாரு, அம்மாந்தான். அதுக்கும் முன்னாடி உசுரு போச்சுனா, ஆசப்பட்டதே போதும், அதுவே ஞானஸ்நானம்னு எங்காளுங்க சொல்வாங்க."

குப்பம்மாவின் உதடு அசைந்தது. கீர்த்தி சொன்னாள்: "ஏலத்துல ஆசப்பட்டவளுக்கா மீனு குடுக்குறோம்னு கேக்குறாங்க. கையத் தூக்கி, கூடையத் தொட்டவளுக்குத்தானாம்."

ரோசலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு எழுந்து போய்விட்டார். குப்பம்மாவுக்கு அது சிரிப்பில்லை. வாழ்நாள் முழுக்க அவள் அறிந்த நியாயம் அது ஒன்றுதான். திலீப் தலை முங்கியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அவன் எந்த வழியாகப் போனானோ அந்த வழி. வேறு வழியாகப் போய் வேறு எங்கேயோ நின்றால் என்ன செய்வது?

அவள் ஞாயிறு தோறும் சபைக்குப் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் கூடப் போவேன், அவளுக்கு எழுந்து உட்காரக் கை வேண்டும். அவளைப் பார்த்துச் சபையில் முணுமுணுப்பு வந்தது. கிழவி இவ்வளவு கேட்கிறாள், ஏன் கொடுக்கவில்லை என்றார்கள். பாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். முழுக்குக்கு முன்னால் வீட்டு ஆள் எழுந்து, இவருடைய வாழ்க்கை மாறியிருக்கிறது என்று சாட்சி சொல்ல வேண்டும். அது அந்தச் சபையின் வழக்கம். எல்லோர் முன்பும் கீர்த்தியைக் கேட்டார்.

கீர்த்தி எழுந்து நின்றாள். "தெரியல பாஸ்டர். பேச முடிஞ்சா, மாறினாங்களா இல்லையானு தெரியும். பேச முடியாதவங்கள நல்லவங்களா ஆயிட்டாங்கனு எப்டி சொல்றது?"

பாஸ்டருக்கு முகம் தெளிந்தது. "நியாயம்தான். காத்திருப்போம்" என்றார்.

அந்த மழைக்காலத்தில் குப்பம்மாவின் கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்று வந்ததும் அவள் கீர்த்தியின் காலைப் பிடித்தாள். கீர்த்தி காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"சாட்சி சொல்றேன் அத்தே. ஆனா என்ன எங்க வச்சு பேசினீங்களோ அங்க வச்சு மன்னிப்பு கேளுங்க."

மறுநாள் ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போனோம். படகுகள் வந்து, கூடைகள் இறங்கி, கூட்டம் நெரிகிற நேரம். கீர்த்தி அவளைப் பழைய இடத்தில், ஈரத் தரையில் முட்டி போட வைத்தாள். குப்பம்மா வாயை அசைத்தாள்.

"இன்னா கெயவி, சங்கரா கிலோ எவ்ளோ?" என்றான் ஒருவன். சிரிப்பு பரவியது.

"அத்த பேசறாங்க. நான் சொல்றேன், கேட்டுக்கங்க" என்றாள் கீர்த்தி. அவள் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "இவ எம் புள்ளயத் துன்னானு சொன்னேன். அது பொய்ங்கறாங்க. அப்புறம் அத்தே? கொயந்தையப் பத்தி சொல்லுங்க."

குப்பம்மாவின் உதடு அசைந்தது.

"கொயந்தையப் பத்தி நான் பேசினது பாவம்ங்கறாங்க. இன்னோர்தபா சொல்லுங்க அத்தே. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவள் மறுபடி சொன்னாள். கீர்த்தி மறுபடி கூவினாள். நான்காவது தடவையில் யாரும் சிரிக்கவில்லை. ரோசலின் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குப்பம்மாவின் புடவை மீன் தண்ணீரில் இடுப்பு வரை நனைந்திருந்தது. "போதும் அத்தே, எழுந்திரிங்க" என்று கீர்த்தி கைகொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் கீர்த்தி சாட்சி சொன்னாள். "எங்க அத்த முழுசா மாறிட்டாங்க. நான் சாட்சி."

பாஸ்டருக்கு இப்போது தப்பிக்க வழியில்லை. கடல் வேண்டாம், அலை நம் சொல்லைக் கேட்காது என்றார். மீனை ஐஸில் போட்டு வைக்கிற பெரிய நீலத் தொட்டி ஒன்றைக் காசிமேட்டிலிருந்து கொண்டுவந்து, தேய்த்துக் கழுவி, சபைக் கொட்டகைக்குள் ஒரு ஓரமாக வைத்தார்கள். எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. சைக்கிள் டியூபிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டினார்கள். முங்கும் நேரத்துக்கு ஓட்டையின் மேல் அதை வைத்து ஒருவர் கையால் அழுத்திக்கொள்ள வேண்டும். முங்கி எழுந்ததும் எடுத்துவிட வேண்டும்.

"நான் அதைத் தொட மாட்டேன். வீட்டு ஆள்தான் செய்யணும்" என்றார் பாஸ்டர். சபை கீர்த்தியைப் பார்த்தது. கீர்த்தி தொட்டிக்குள் இறங்கினாள்.

குப்பம்மா வெள்ளை உடையில் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். பாஸ்டர் வெளியில் நின்று அவள் முதுகில் கை கொடுத்தார். விசுவாசிக்கிறாயா என்று கேட்டார். தலையை ஆட்டினாள். கீர்த்தி டியூப் துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். குப்பம்மா ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பாஸ்டர் பின்னால் சாய்த்தார். தலை முழுசாக முங்கியது. தூக்கினார். அவ்வளவுதான், அவர் வேலை முடிந்தது. கைகளை உயர்த்தி, சபையைப் பார்த்துத் திரும்பி, பாட்டை ஆரம்பித்தார்.

கீர்த்தியின் கை எடுக்கப்படவில்லை.

குப்பம்மா கண்ணைத் திறந்தாள். முதலில் கீர்த்தியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தாள். கால் உதைத்ததில் தொட்டி ஆடியது.

"அபிஷேகம்!" என்று ஆவுடையம்மாள் கத்தினார். "பாருங்க, பரிசுத்த ஆவி எறங்குது!"

சபை எழுந்துவிட்டது. டிரம் வேகமானது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. உயிரில்லாதவள் போலச் சுருண்டு கிடந்த கிழவி இப்படித் துள்ளுகிறாளே என்று சிலர் அழுதார்கள். ஒருத்தி செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தாள். குப்பம்மாவின் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. கீர்த்தியும் எல்லோரோடும் பாடிக்கொண்டிருந்தாள். அவள் கண் மூடியிருக்கவில்லை. குப்பம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

சரணம் முடிந்தபோது கையை எடுத்தாள்.

ஓட்டை காற்றை இழுத்த சத்தம் பாட்டுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. கழுத்தில் நின்ற தண்ணீரும் அதோடு உள்ளே போனது. குப்பம்மா இருமி, குலுங்கி, தொட்டி விளிம்பில் சாய்ந்தாள். கீர்த்தியைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

"என்ன சொல்றாங்க சிஸ்டர்?" என்றார் பாஸ்டர்.

"ஸ்தோத்திரம் சொல்றாங்க."

குப்பம்மா சொன்னது, "நீயும் அங்க வருவ இல்ல? வா" என்று. சொல்லும்போது சிரித்தாள். ஏலத்தில் எவளாவது மாட்டிக்கொண்டால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

அன்று ராத்திரியே காய்ச்சல். நெஞ்சில் தண்ணீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். வீடியோ அதற்குள் வாட்ஸாப்பில் ஊரெல்லாம் போயிருந்தது, 'ஊமைத் தாயின் மேல் இறங்கிய வல்லமை' என்று. ஷெட்டில் எனக்கே மூன்று பேர் காட்டினார்கள்.

படுக்கையில் குப்பம்மா ஒரு நொடி சும்மா இருக்கவில்லை. கீர்த்தி துடைக்க உட்கார்ந்தால் உதடு அசையும். இப்போது பேசுகிறவள் மறுபடி அவள். "நான்தான் மொதல்ல போறேன். நீ கைய எடுக்காததச் சொல்லுவேன் அவனாண்ட. அங்க போனா புது ஒடம்பாமே, உங்க பாஸ்டரு சொன்னாரு. அப்ப தொண்டையும் புச்சாத்தான் குடுப்பாங்க. நீ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி வச்சிருப்பேன். வந்தப்புறமும் சொல்லுவேன். சாவு கெடையாதாம் அங்க."

கீர்த்தி தலையைத் திருப்பிக்கொண்டால், குப்பம்மா தட்டைத் தட்டிக் கூப்பிடுவாள். பார்த்தே ஆக வேண்டும். அந்த வாரம் முடிவதற்குள் அவள் செத்தாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

அடக்கத்தில் பாஸ்டர் நன்றாகப் பேசினார். "இந்த நேரம் தாயும் மகனும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. தேவன் அவங்களுக்குப் புதுக் குரல் கொடுத்திருக்கார். அந்தக் குரல் இனி அடங்காது" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள்.

ஆட்கள் கலைந்ததும் கீர்த்தி பாஸ்டரின் வண்டியருகே போய் நின்றாள்.

"பாஸ்டர், குடுத்த ஞானஸ்நானத்த திருப்பி எடுக்க முடியுமா?"

"யாருக்கு?"

"அத்தைக்கு. முங்கும்போது நெத்தி வெளிய இருந்த மாதிரி இருந்துச்சு."

"முழுசா முங்கினாங்கம்மா. வீடியோவே இருக்கு."

"முழுக்கு மட்டும் போதுமா பாஸ்டர்? மனசு மாறாம முழுவினா?"

"மனசுதாம்மா முக்கியம். தண்ணி என்ன பண்ணும்? தண்ணி ஒரு அடையாளம்தான்."

கீர்த்தி அவரைப் பார்த்தாள். "அத்த கேட்டப்போ அப்டி சொல்லலியே."

பாஸ்டர் சாவியைப் போட்டார். "அவங்க மனசும் மாறிடுச்சே. நீதானே சபை முன்னாடி சாட்சி சொன்னே. அது பொய்யா?"

அவள் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். "என் முழுக்கு?" என்றாள்.

"அது ஒருதரம்தான். நீயா விசுவாசத்தை விட்டுப் பின்மாறிப் போனா தவிர அங்கதான் போவே. ஏன் பயப்படுறே?"

"பின்மாறிட்டா அவரப் பாக்க முடியாது."

"முடியாது."

"பின்மாறலனா ரெண்டு பேரயும் பாக்கணும்."

"அது சந்தோஷம்தானேம்மா. ஜெபம் பண்ணு" என்று பாஸ்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு கீர்த்தி சபைக்குப் போகவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மீன் ஆய்வாள். ஒரு வாரம் ஆவுடையம்மாளே தேடிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா கீர்த்தி, ஆராதனைக்கு வரலியா? உங்க அத்தை அவ்வளவு ஆசையா வந்த எடம்லா?"

கீர்த்தி மீனிலிருந்து கையை எடுக்கவில்லை. "வர்றேன்க்கா. அத்த முன்னாடியே போயி அவராண்ட பேசிகினு கீறாங்க. அவங்க மொதல்ல முடிக்கட்டும்."

ஆவுடையம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.